சீருடையைக் கழற்றிய தளபதியும் ஆளுநர் மாளிகையும்: எஸ்.கே. சின்ஹாவின் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

சின்ஹாவைப் பற்றி எழுத நினைக்கும் ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. 1983-ல் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி பதவி கைநழுவிப்போன லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.கே. சின்ஹா, பிற்காலத்தில் அசாமுக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் ஆளுநராக இருந்திருக்கிறார். அது ஆறுதல் பரிசா? அந்த மாநிலங்களில் இருந்த படைகளுக்கு அவரால் உத்தரவிட முடிந்ததா? அவரை நம் பினாங்கு ஆளுநரோடு ஒப்பிட வேண்டுமா, அவசரகாலத்தில் மலாயாவை ஆண்ட ஜெனரல் டெம்ப்ளரோடு ஒப்பிட வேண்டுமா? பார்வைக்கு மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: நாற்பது ஆண்டு படையில் இருந்த ஒருவர் ஆளுநர் மாளிகைக்குள் நுழையும்போது, அவருடைய பழைய அதிகாரத்தில் எவ்வளவு கூடவே உள்ளே வருகிறது?

கோலாலம்பூரில் அரசியலமைப்புச் சட்டம் கற்பிக்கிறேன். மலேசிய, இந்தியச் சாசனங்களை அருகருகே வைத்து நடத்துவது என் பாடம். அந்த இடத்தில் நின்றுதான் இந்தப் பதில். சின்ஹாவின் போர்க்கள முடிவுகளை எடைபோடும் பயிற்சி எனக்கு இல்லை, அதற்குள் போகவும் போவதில்லை. நேரான விடை இதுதான்: சீருடையிலிருந்து சட்டப்படி ஒரு துளி அதிகாரமும் அவரோடு வரவில்லை. அந்த மாநிலத்துக்கு, அந்த நேரத்தில், சட்டம் எந்தப் பிரிவில் ஆளுநரின் பேரைச் சொன்னதோ அந்த அதிகாரம் மட்டுமே அவரிடம் இருந்தது. சின்ஹாவின் பதினோரு ஆண்டுகளையும் இந்த அளவுகோலால் அளந்தால், எங்கே அவர் பெரிதாகச் சாதித்தார், எங்கே பெருஞ்சிக்கல் வந்தது என்ற இரண்டும் தெளிவாகிவிடும்.

முதலில் அவர் படையில் யாராக இருந்தார் என்று பார்ப்போம். 1926-ல் பிறந்த பீகார்க்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜாட் ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பிறகு ஐந்தாம் கூர்க்கா ரைஃபிள்ஸுக்கு மாறினார். 1947 அக்டோபர் 22-ல் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் நுழைந்தன. 26-ல் மகாராஜா இந்தியாவோடு சேரும் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 27 காலையில் முதலாம் சீக்கியப் பட்டாளம் ஸ்ரீநகர் விமானத் தளத்தில் இறங்கியது. அந்த வான்வழிப் பெயர்ச்சியை டெல்லியிலிருந்து ஏற்பாடு செய்த ஊழியர் அதிகாரிகளில் (தலைமையகத்தில் இருந்து திட்டமிடும் அதிகாரிகள்) இளம் மேஜர் சின்ஹாவும் ஒருவர். இந்த வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு டக்கோட்டா விமானத்தில் ஆயுதத்தோடு இருபது பேருக்குள்தான் ஏற முடியும். விமானப்படையிடம் இருந்தவை போதாமல் தனியார் நிறுவனங்களின் டக்கோட்டாக்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். எந்தப் பிளட்டூன் எந்த விமானத்தில், வெடிமருந்து எதில், மறுசுற்று எப்போது என்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் சரிகட்டினால்தான் மேலே பறக்க முடியும். சின்ஹாவின் ஆளுமை அங்கே உருவானது என்பது என் கணிப்பு. பின்னாளில் அவர் வகித்த அட்ஜுடன்ட் ஜெனரல் பொறுப்பும் ஆள்பலம், ஊதியம், ஒழுங்கு, நலன் ஆகிய கோப்புகளின் உலகம்தான். பிறகு மேற்குப் பிராந்தியத் தளபதி, அதன்பின் ராணுவத் துணைத் தலைமைத் தளபதி.

1983-ல் நடந்ததில் உறுதியானவை சில, ஊகங்கள் பல. ஜூலை 31-ல் ஜெனரல் கே.வி. கிருஷ்ணா ராவ் ஓய்வு பெற்றார். அடுத்த மூத்தவர், துணைத் தலைமைத் தளபதி நாற்காலியில் இருந்த சின்ஹா. அரசு தேர்ந்தெடுத்ததோ அவருக்கு இளையவரான ஏ.எஸ். வைத்யாவை. சின்ஹா பதவி விலகி வெளியேறினார். அப்போது பாதுகாப்பு அமைச்சர் நம் ஆர். வெங்கட்ராமன். 1946-ல் ஜப்பானியருக்கு ஒத்துழைத்ததாக வழக்குக்கு ஆளான இந்தியர்களுக்காக வாதாட மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் இருந்த அதே வெங்கட்ராமன்தான். மேற்குப் பிராந்தியத்தில் இருந்தபோது பொற்கோயிலுக்குள் படையை அனுப்பும் யோசனையை சின்ஹா விரும்பவில்லை, அதுதான் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இந்திரா காந்தியை எதிர்த்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு அவருக்கிருந்த பழக்கத்தைக் காரணமாகச் சொல்வாரும் உண்டு. இவை இரண்டும் அனுமானங்கள் என்று குறிப்பிட்டே எழுதுங்கள். மறுபக்கத்தில், போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருதை வைத்யா இருமுறை பெற்றவர் என்பதும் பதிவில் உள்ள உண்மை. மூத்தவரைத்தான் தளபதியாக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வழக்கம் மட்டுமே. 2016 டிசம்பரில் பிபின் ராவத் தேர்வானபோதும் மூத்தவர் இருவர் தாண்டப்பட்டார்கள்.

இனி ஆளுநர் பதவி. இந்தியச் சாசனத்தின் 155-வது பிரிவுப்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் முடிவு. 157-வது பிரிவு கேட்கும் தகுதி இரண்டே: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று 156 சொன்னாலும், குடியரசுத் தலைவர் விரும்பும் வரைதான் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பினாங்கோடு ஒப்பிடும்போது வழுக்கும் இடம் இதுதான். நம் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணைப்படி பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்களை மாமன்னர் முதலமைச்சரைக் கலந்தாலோசித்து நான்கு ஆண்டுக்கு நியமிக்கிறார். இடையில் நீக்க வேண்டுமென்றால் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கோர வேண்டும். இந்திய ஆளுநரை மத்திய அரசு ஒரே நாளில் மாற்றிவிடலாம். சட்டமன்றத்துக்கு அதில் வாயே கிடையாது. முதலமைச்சரைக் கேட்டு நியமிக்கலாம் என்று சர்க்காரியா ஆணையம் 1988-ல் பரிந்துரைத்தது, அது கட்டாயமாகவில்லை. ஆகவே பினாங்கு ஆளுநர் மாநிலத்தின் அடையாளத் தலைவர் என்றால், இந்திய ஆளுநர் அதோடு கூட டெல்லியின் கண்ணும்கூட. மாநில நிலைமையைப் பற்றிக் குடியரசுத் தலைவருக்கு நேரடியாக அறிக்கை எழுதுவது அவர் வேலையின் ஒரு பகுதி. ஜார்ஜ்டவுனிலிருந்து புத்ராஜெயாவுக்கு அப்படியொரு அறிக்கை போவதில்லை.

டெம்ப்ளர் ஒப்பீட்டை முற்றாக விட்டுவிடுவது நல்லது. 1951 அக்டோபரில் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, 1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் வந்து சேர்ந்தபோது உயர் ஆணையர் பதவியும் படை நடவடிக்கைகளின் இயக்குநர் பதவியும் ஒரே ஆளிடம் கொடுக்கப்பட்டன. அதனால்தான் மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே நடந்த தாக்குதலுக்குப் பின், அந்த ஊருக்கே நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கும் அரிசிப் பங்கீட்டில் வெட்டும் அவர் வாயாலேயே வந்தன. நம் தோட்டப்புறப் பெரியவர்கள் பலர் முள்வேலியையும் அரிசிக் கணக்கையும் இன்றைக்கும் மறக்கவில்லை. இந்திய ஆளுநர் எவருக்கும், அவர் முன்னாள் தளபதியாக இருந்தாலும், இந்த இரட்டை அதிகாரம் கிடையாது. படை மத்திய அரசின் பொறுப்பு. அசாமின் தேஜ்பூரில் இருந்த நான்காம் கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதி கல்கத்தாவில் உள்ள கிழக்குப் பிராந்தியத் தளபதிக்குப் பதில் சொல்வார். குவாஹாட்டி ஆளுநருக்கு அல்ல. முறைவரிசையில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. தன் மாநிலத்துக்குள் ஆளுநர் நான்காம் இடத்தில் வருகிறார். ராணுவத் தலைமைத் தளபதி பன்னிரண்டாம் இடத்தில். 1983-ல் கிடைக்காத நாற்காலிக்கு மேலான வரிசையில் சின்ஹா உட்கார்ந்தார் என்பது மெய். ஆனால் அது விழா மேடையில் யார் எங்கே உட்கார்வது என்பதற்கான வரிசை. உத்தரவு போடுவதற்கான வரிசை வேறு.

ஒரு நுணுக்கம் சேர்க்க வேண்டும். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒரு பகுதியைக் 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும் ஆளுநருக்கும் தருகிறது. இதைப் பார்த்துத்தான் பலர், ஆளுநர் படையை ஏவுகிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அறிவிப்பு வெளியான பிறகு சுடுவது, சோதனையிடுவது, கைதுசெய்வது எல்லாம் படை அதிகாரிகளின் கையில். அவர்கள் மேல் வழக்குத் தொடர வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆளுநர் அந்தச் சங்கிலியில் முதல் கண்ணியாக இருக்கலாம். அதற்கு மேல் அவருக்கு இடமில்லை.

1997 செப்டம்பரில் சின்ஹா அசாமுக்கு வந்தபோது நிலைமை இன்னும் தெளிவாகவே வரையப்பட்டிருந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் உல்ஃபா என்ற ஆயுத இயக்கம், போடோ இனக் குழுக்கள் ஆகியவற்றின் கிளர்ச்சிக்கு எதிராக 'ஒருங்கிணைந்த கட்டளை' என்ற அமைப்பு உருவாகியிருந்தது. அதன் தலைவர் முதலமைச்சர். களநடவடிக்கைக் குழுவை நடத்தியது நான்காம் கோரின் தளபதி. ஆளுநர் அங்கே யோசனை சொல்லலாம். களமறிந்தவர், சொல்லை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருப்பார்கள். ஆனாலும் அது செல்வாக்கு, அதிகாரம் அல்ல. சின்ஹா தன் வழியை மூன்று கிளையாகச் சொல்லுவார்: ஒருங்கிணைந்த படை நடவடிக்கை, பொருளாதார வளர்ச்சி, மக்கள் மனத்தைத் தொடும் முயற்சி. மூன்றாவதில்தான் அவர் கைவண்ணம் தெரிகிறது. 1671-ல் சராய்காட்டில் முகலாயப் படையைத் தோற்கடித்த அஹோம் தளபதி லாசித் பர்ஃபூக்கன் பேரில், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தலைசிறந்த மாணவருக்குத் தங்கப்பதக்கம் வழங்க வைத்தார். அங்கே அவர் சிலையும் எழுந்தது. அசாமின் முதல் முதலமைச்சர் கோபிநாத் பர்தலைக்கு 1999-ல் பாரத ரத்னா கிடைக்க அவர் விடாமல் வற்புறுத்தினார். இந்தியா எங்களை மதிப்பதில்லை என்ற அசாமியரின் மனக்குறைக்கு, படையனுப்பாமல் கொடுக்கப்பட்ட பதில் அது. ஓர் ஆளுநரால் சட்டத்தை மீறாமல் செய்யக்கூடிய சிறந்த காரியங்களில் இதை வைப்பேன்.

அவருடைய அசாம் காலத்திலிருந்து இன்றுவரை உயிரோடிருப்பது வேறொன்று: 1998 நவம்பரில், வங்கதேசத்திலிருந்து சட்டவிரோதமாகக் குடியேறுவோர் பற்றிக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனுக்கு அவர் அனுப்பிய அறிக்கை. இதற்கு மாநில அமைச்சரவையின் ஆலோசனை தேவையில்லை. டெல்லிக்கு எழுதும் அந்த உரிமையை ஓர் ஊழியர் அதிகாரியின் கைப்பழக்கத்தோடு அவர் பயன்படுத்தினார்: வரலாறு, புள்ளி, வரைபடம், அபாயம், பரிந்துரை என்று அடுக்கி. அப்போது அசாமுக்கு மட்டும் 1983-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று இருந்தது. நாட்டின் பிற பகுதிகளில் 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டப்படி, தான் அந்நியன் அல்ல என்று காட்டும் பொறுப்பு சந்தேகத்துக்குள்ளானவர் மேல். அசாமில் மட்டும் அது புகார் சொல்பவர் மேல். அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்றார் சின்ஹா. 2005 ஜூலை 12-ல் சர்பானந்த சோனோவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தபோது, சின்ஹாவின் அறிக்கையை நீளமாக மேற்கோள் காட்டியது. அப்போது அவர் அசாமை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அறிவுரையாக மட்டும் எழுதப்பட்ட ஒரு காகிதம் ஒரு சட்டத்தின் முடிவுக்குத் துணைபோயிற்று.

இதில் உறுதியையும் ஐயத்தையும் கவனமாகப் பிரிக்க வேண்டும். அறிக்கை அனுப்பப்பட்டது, நீதிமன்றம் அதன்மேல் சாய்ந்தது, இரண்டும் உறுதி. எத்தனை பேர் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள் என்ற எண்ணிக்கை அன்றும் இன்றும் வாதத்துக்கு உரியது. 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் இடம்பெறவில்லை. விடுபட்டவர்கள் அனைவரும் அந்நியர் என்று அதற்குப் பொருளில்லை. அவர்களுக்குத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை இருக்கிறது. அந்த அறிக்கையின் குறை என்று நான் கருதுவது, மக்கள் நகர்வை அது பெரும்பாலும் எல்லைப் பாதுகாப்புக் கண்ணாலேயே பார்த்தது. ஒரு தளபதி அப்படிப் பார்ப்பது இயல்பு. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தோட்டத் தொழிலாளர்களை அறிந்த நமக்கு, நிரூபிக்கும் சுமை யார் தோளில் விழுகிறது என்பது சட்டப் புத்தகத்துக்குள் அடங்கும் விஷயமல்ல. எழுத்தறியாத ஒரு விவசாயியிடம் நாற்பது ஆண்டுக்கு முந்தைய காகிதத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த அறிக்கையைப் படிப்பவர் கூடவே நினைக்க வேண்டும்.

அசாமில் அவர்மேல் விழுந்த இன்னொரு விமர்சனம் முதலமைச்சர் பிரபுல்ல குமார் மகந்தாவைப் பற்றியது. போலிக் கடன் கடிதங்களைக் காட்டி அரசுப் பணம் எடுக்கப்பட்ட மோசடி வழக்கில் மகந்தாமேல் வழக்குத் தொடர மத்திய புலனாய்வுத் துறை கேட்ட அனுமதியை 1998-ல் சின்ஹா மறுத்தார். ஆதாரம் போதாது என்று மறுப்பது ஆளுநரின் கையில் உள்ள முடிவுதான். 2004-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், அமைச்சர்மேல் வழக்கு என்று வரும்போது அமைச்சரவை சொன்னபடி நடக்க வேண்டியதில்லை, ஆளுநர் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, படைக்கு உத்தரவிட முடியாத இந்த முன்னாள் தளபதியால் ஒரு முதலமைச்சரின் அரசியல் தலைவிதியைத் தன் பேனாவால் நிறுத்திவைக்க முடிந்தது. ஆளுநர் பதவியின் உண்மையான கனம் இப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறது.

ஜம்மு காஷ்மீருக்கு வருமுன், 1983-ல் தலைமைத் தளபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணா ராவை ஒரு கணம் பார்க்க வேண்டும். அவரும் அதே மாநிலத்தின் ஆளுநர்: 1989 ஜூலை முதல் 1990 ஜனவரி வரை ஒருமுறை, 1993 மார்ச் முதல் 1998 மே வரை மறுமுறை. இரண்டாம் முறையில் 1996 அக்டோபர் வரை அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. முதலமைச்சர் இல்லை, சட்டமன்றம் இல்லை; அரசு என்றால் ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும்தான். 1993-ல் படை, துணைப்படை, காவல்துறை ஆகியவற்றை ஒரே மேசையில் உட்காரவைத்த ஒருங்கிணைந்த தலைமையகம் அவர் காலத்தில் உருவாயிற்று. அதே ஆண்டு ஸ்ரீநகரின் ஹஸ்ரத்பல் பள்ளிவாசல் முற்றுகை, 1995 ஜனவரி 26-ல் ஜம்முவில் அவர் குடியரசு தின உரையாற்றிக்கொண்டிருந்த மைதானத்திலேயே குண்டுவெடிப்பு, மே மாதம் சரார்-எ-ஷரீஃப் தர்கா எரிந்தது, 1996-ல் தேர்தல். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தேர்தலுக்குப் பிறகு ஃபரூக் அப்துல்லா முதலமைச்சரானதும் அந்தத் தலைமையகத்தின் தலைவர் நாற்காலியும் முதலமைச்சரிடம் போய்விட்டது. அதே மனிதர், அதே மாளிகை, அதே படைகள். ஓர் அக்டோபர் நாளில் அதிகாரம் இடம் மாறிற்று. டெம்ப்ளரை நினைவுபடுத்தும் அளவுக்கு யாராவது நெருங்கினார்கள் என்றால் 1993 முதல் 1996 வரையிலான கிருஷ்ணா ராவைத்தான் சொல்லலாம். அதற்குக் காரணம் அவர் முன்னாள் தளபதி என்பதல்ல, அப்போது சட்டமன்றம் இல்லை என்பது.

சின்ஹா 2003 ஜூனில் வந்தபோது முஃப்தி முகமது சயீது முதலமைச்சர். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருக்கிறது, ஆகவே அன்றாட ஆட்சியில் ஆளுநருக்குப் பெரிய பங்கில்லை. ஆனால் ஒரு தனிச்சட்டம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு அமர்நாத் ஆலயச் சட்டப்படி, ஆளுநர் இந்துவாக இருந்தால் ஆலய வாரியத்தின் தலைவர் அவரே. வைஷ்ணவ தேவி ஆலயச் சட்டம் பற்றிய 1997-ஆம் ஆண்டு தீர்ப்பில், அப்படிப்பட்ட பொறுப்பில் ஆளுநர் தன் சொந்த விருப்பப்படி செயல்படுகிறார், அமைச்சரவையின் ஆலோசனைப்படி அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கவனியுங்கள்: மாநிலத்தில் மற்ற எல்லாவற்றிலும் கட்டுண்ட ஆளுநர், இந்த ஒரு வாரியத்தில் மட்டும் சுதந்திரமானவர். சின்ஹா அந்தச் சுதந்திரத்தை முழுதாகப் பயன்படுத்தினார். ஒரு மாதமாக இருந்த அமர்நாத் குகை யாத்திரையை இரண்டு மாதமாக்க முனைந்தார். பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று முஃப்தி எதிர்த்தார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

முறிவு 2008-ல் வந்தது. அமர்நாத் பாதையில் உள்ள பல்தல் முகாமில் யாத்ரீகர்களுக்குத் தற்காலிகக் குடில், கழிப்பிடம் அமைக்கச் சுமார் 40 ஹெக்டேர் வனநிலத்தை வாரியத்துக்கு ஒதுக்கும் உத்தரவு மே 26-ல் வெளியானது. உத்தரவு போட்டது குலாம் நபி ஆசாத் தலைமையிலான மாநில அரசு. நிலம் வாரியத்தின் உடைமையானது என்று சிலரும், வெறும் பயன்பாட்டு அனுமதி என்று சிலரும் வாதிட்டார்கள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பெரும் போராட்டம் வெடித்தது. மாநிலத்தில் வெளியார் நிலம் வாங்க முடியாது என்பது அங்கே மக்கள் உயிராகக் காத்த ஏற்பாடு. அதை உடைக்கும் முதல் படியாக அவர்கள் இதைக் கண்டார்கள். ஜூன் 28-ல் கூட்டணியில் இருந்த மக்கள் ஜனநாயகக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. ஜூலை 1-ல் உத்தரவு ரத்தானது. உடனே ஜம்முவில் எதிர்ப்போராட்டம் மூண்டது. ஜூலை 7-ல் ஆசாத் பதவி விலகினார். ஆகஸ்ட் 31-ல், யாத்திரைக் காலத்தில் மட்டும் வாரியம் அந்த நிலத்தைப் பயன்படுத்தலாம் என்ற உடன்பாட்டோடுதான் ஜம்மு அடங்கியது. இந்தப் போராட்டத்துக்காக சின்ஹா பதவி விலகினார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. ஜூன் 25-ல் அவர் பதவிக்காலம் முடிந்து என்.என். வோரா அடுத்த ஆளுநராகப் பொறுப்பேற்றுவிட்டார். வாரியத்துக்கு நிலம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவரும் வோராதான்.

என் பார்வையில், இங்கே பிசகிய இடம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆளுநர் என்ற முறையில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவராகவும், வாரியத் தலைவர் என்ற முறையில் ஒரு சமயத்தாரின் வசதிக்காகப் போராடுபவராகவும் ஒரே ஆள் இருக்க வேண்டியிருந்தது. அசாமில் மக்கள் மனத்தைப் படித்த அதே சின்ஹா, காஷ்மீரில் அந்த இரண்டு தொப்பிகளையும் ஒன்றாகவே அணிந்தார். கூடாரம், கழிப்பிடம், பாதை என்று ஒழுங்காகத் திட்டமிட்டது ஊழியர் அதிகாரியின் திறமைதான். எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பும் என்ற கணக்கு அந்தத் திட்டத்தில் போதுமான அளவு சேரவில்லை.

ஆறுதல் பரிசா என்ற கேள்விக்கு வருகிறேன். 1983-ல் அவரைத் தாண்டியது இந்திரா காந்தியின் அரசு. நேபாளத்துக்குத் தூதராக 1990-ல் அனுப்பியது வி.பி. சிங் அரசு. அசாமுக்கு 1997-ல் அனுப்பியது ஐ.கே. குஜ்ரால் அரசு. காஷ்மீருக்கு மாற்றியது வாஜ்பாய் அரசு. 2004-ல் மன்மோகன் சிங் அரசு வந்ததும் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆளுநர்கள் நீக்கப்பட்டார்கள். சின்ஹாவை அது தொடவில்லை. தாண்டியவர்களும் அமர்த்தியவர்களும் வேறு வேறு, இடையில் பதினான்கு ஆண்டு. ஒருவர் செய்த காயத்துக்கு மற்றவர் மருந்து போட்டார் என்று சொல்வதற்கு இந்த வரிசை இடம்தரவில்லை. பணத்துக்காகவும் அல்ல: ஆளுநர்களுக்கான 1982-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், முந்தைய அரசுப் பணிக்கான ஓய்வூதியம் பெறுகிறவருக்கு அந்தத் தொகையை ஆளுநர் ஊதியத்திலிருந்து கழித்துக்கொள்கிறது, ஊனம், காயம் ஆகியவற்றுக்கான ஓய்வூதியம் மட்டும் விலக்கு. கிளர்ச்சி நடக்கும் எல்லை மாநிலத்துக்கு, கட்சி சாராத, படையின் மொழி புரிந்த ஒருவர் வேண்டும் என்பதே டெல்லியின் தர்க்கமாக இருந்திருக்கும். 1959-ல் முன்னாள் தளபதி ஸ்ரீநாகேஷை அசாமுக்கு அனுப்பியதிலிருந்து அந்தத் தர்க்கம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

இதேபோல் வேறு தளபதிகளைப் பற்றி எழுத நினைத்தால், அவர்கள் பெற்ற பதக்கங்களைத் தேடுமுன் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: அந்தத் தேதியில் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி இருந்ததா, அந்த மாநிலத்துக்குச் சாசனத்தில் தனிப்பிரிவு உண்டா, ஆளுநருக்கு வேறு சட்டத்தின் வழியாக ஏதாவது பொறுப்பு சேர்ந்திருந்ததா. 1971 போரில் கிழக்குப் பிராந்தியத்தின் ஊழியர் தலைவராக இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 1999 தொடக்கத்தில் கோவாவில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததால் சில மாதம் உண்மையிலேயே ஆண்டார். பிறகு பஞ்சாபில் அடையாளத் தலைவர். ஆனால் கூடவே சண்டிகருக்கு நிர்வாகி, அங்கே கையெழுத்து அவருடையது. அருணாச்சலத்தில் 371-எச் பிரிவு, சட்டம் ஒழுங்கில் ஆளுநருக்குத் தனிப்பொறுப்பு தருகிறது. அமைச்சரவையைக் கலந்தாலோசித்த பிறகு முடிவு அவருடையது. ஜே.ஜே. சிங், நிர்பய் சர்மா, கே.டி. பர்நாயக் என்று தளபதிகள் அடிக்கடி அங்கே போயிருப்பதை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படியும், அந்த மாநிலத்தில் ஆளுநர் எல்லை மீறினார் என்று 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் அரசையே மீட்டுக் கொடுத்தது அப்போதைய ஆளுநர் ஜே.பி. ராஜ்கோவாவின் நடவடிக்கையை எதிர்த்த வழக்கில். அவர் படையிலிருந்து வந்தவரல்ல, ஆட்சிப்பணியிலிருந்து வந்தவர். 2021-ல் லெப்டினன்ட் ஜெனரல் குர்மித் சிங் சென்ற உத்தரகாண்டிலோ அப்படியொரு பிரிவே இல்லை; அங்கே அவர் இடுகிற கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது மாநில அமைச்சரவை.